தலை எண்ணெயும் இரண்டாம் பூச்சும்

பென்னலூர் பாண்டுரங்கன் தலையில் எண்ணெய் வைத்து வெகு காலம் ஆகியிருந்தது. எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, வேண்டுதலும் கிடையாது. பார்த்த வேலை அப்படி. ஒரகடத்துப் பக்கம் வண்டிப் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றில் ஸ்பிரே அடிப்பவராக இருந்தார். அந்த பெயின்ட் ஷாப்புக்குள் எண்ணெய்த் தலையோடு ஒருத்தரையும் விடமாட்டார்கள். பவுடர், சென்ட், பெண்பிள்ளைகள் வைக்கிற பூ, எதுவும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டு பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது, அம்மை வடு மாதிரி குழிகுழியாக விலகி நிற்கும். அதற்கு கிரேட்டர் என்று பேர். கிரேட்டர் விழுந்த பாகம் லைனிலிருந்து வெளியே வந்துவிடும், அதை அடித்தவன் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

வருஷா வருஷம் தீபாவளி விடியலில் மனைவி தாயாரம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவாள். மறுநாள் ஷிப்ட் என்று சொல்லி அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். அவளும் விட்டுக்கொடுக்காமல் சாஸ்திரத்துக்கு அவர் உள்ளங்காலில் ஒரு சொட்டைத் தடவிவிட்டுப் போவாள். "ஊர்ல பொம்பளைங்க புருஷனுக்குத் தலைல எண்ணெ வெப்பாங்க, நான் கால்ல வெக்கிறேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். கொஞ்சம் வருத்தமும் அந்தச் சிரிப்பில் இருக்கும்.

போன வருஷம்தான் வயசாகிவிட்டதென்று கம்பெனியில் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் சும்மா உட்காரவில்லை. மீன் பிடிக்கிற ராடு கட்டுகிற வேலை கைவசம் இருந்தது. இந்தப் பக்கத்து ஏரிகளில் ரப்பர் தவளையைக் கட்டி விரால் பிடிக்கிற பையன்கள் நிறைய. கம்பெனிக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரைதான். அவரவர் கை நீளத்துக்கும் தோள் பலத்துக்கும் தக்கபடி கட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். வெறும் கம்பை வாங்கி வந்து, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்களை இடம் பார்த்து வைத்து, பட்டுப் போன்ற நூலால் நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் எபாக்ஸி பூச வேண்டும். சுற்றின நூல் தெரிகிற மாதிரி கண்ணாடியாக அது இறுகிவிடும். அப்புறம் தண்ணீரும் போகாது, நூலும் பிரியாது.

அந்தப் பூச்சு அவருக்கு எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. எபாக்ஸி என்பது இரண்டு புட்டி. ஒன்றில் பிசின், இன்னொன்றில் அதை இறுக வைக்கிற ஹார்ட்னர். இரண்டும் சரிபாதி சேர வேண்டும். பாண்டுரங்கனுக்கோ பெயின்ட் புத்தி. ரோட்டோரப் பட்டறைகளில் மழை நாளென்றால் சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட ஊற்றுவார்கள். அதே கணக்கில் இதிலும் ஊற்றினார். முதல் ராடு கடைசிவரை காயவே இல்லை. பலாப்பழம் அறுத்த கை மாதிரி பிசுபிசுவென்றே இருந்தது. அக்கா மகன் இளம்பரிதி அதைத்தான் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனான். திரும்பி வரும்போது ராடில் தும்பியின் இறக்கை ஒன்றும் யாருடைய பீடித் துணுக்கோ ஒன்றும் ஒட்டியிருந்தன. "மாமா, மீனு தூண்டில்ல மாட்டல, ராடுலயே ஒட்டிக்கும்போலகீது" என்றான். அதிலிருந்து இரண்டு புட்டிக்கும் இரண்டு சிரிஞ்சு வைத்துக்கொண்டு சமமாக அளந்துதான் கலப்பார்.

இளம்பரிதியைச் சொன்னால் அவன் அம்மாவைச் சொல்லாமல் முடியாது. பாண்டுரங்கனுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே அக்கா. அவளுக்கு முன்னால் பிறந்தது எதுவும் தங்காததால், இவளைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். அந்த மண்ணாங்கட்டி திடமாக வளர்ந்து குன்றத்தூரில் வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கு இளம்பரிதி பிறந்தான், பாண்டுரங்கனுக்கு மதிவதனி பிறந்தாள். அரைஞாண் கயிறோடு ஓடின காலத்திலிருந்து அவனை பாண்டுரங்கன் "மாப்ளே" என்றுதான் கூப்பிடுவார். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தையை அவனுக்கென்றே எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் மதிவதனி வேறு ஒருத்தனைச் சொன்னாள். அவளுக்கு செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. அங்கே குடோனில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன் சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரை. படப்பையில் நாலு பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பேரைக் கேட்டதும் பாண்டுரங்கன் சாப்பிட்ட கையை உதறினார். "ஊரு எங்கயோ, ஜனம் எங்கயோ. எங்க அக்காவுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். மதிவதனி அழவில்லை. "அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ சரின்னு மட்டும் சொல்லுப்பா" என்றாள். குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணம் நடந்தது. அப்பன் வந்து நின்றார், அட்சதை போட்டார், சாப்பிட்டார். அதே ஊரில் இருந்தும் அக்கா வரவில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். இளம்பரிதியும் ஏரிக்கரையில் மாமனைக் கண்டால் வேறு பக்கம் போய் உட்கார்ந்தான்.

அந்தப் பாரம் முழுவதையும் பாண்டுரங்கன் புது மருமகன் தலையில் இறக்கி வைத்துவிட்டார். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். பையன் வீட்டுக்கு வந்தால் மட்டும் சுவரைப் பார்த்து, "சாப்புட்டாச்சான்னு கேளு" என்பார். முறை வைத்துக் கூப்பிடவே இல்லை. தம்பியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அவனோ வாய்க்கு வாய் மாமா என்றான்.

இந்த நிலையில் தலை தீபாவளி வந்தது. துணிமணி, மோதிரம் எல்லாம் தாயாரம்மாள் பார்த்துக்கொண்டாள். மதிவதனி போனில் பேசும்போது, தன் வீட்டுக்காரர் ஊரில் மூங்கில் கழியில் தூண்டில் போட்டு வளர்ந்தவர், இங்கே யாரிடமோ இரவல் ராடு வாங்கிக்கொண்டு ஏரிக்குப் போகிறார் என்று சொல்லியிருந்தாள். ஒருநாள் தாயாரம்மாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், பரண்மேல் கிடந்த கம்பு கீழே இறங்கியிருந்தது. இளம்பரிதிக்கென்று வாங்கி, சண்டைக்கு அப்புறம் மேலே போன கம்பு. அவர் மனசும் கூட இறங்கி வந்ததா, கம்பு மட்டும்தான் வந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்காமல் அடுப்பு வேலையைப் பார்த்தாள்.

கருநீல நூலில் சுற்றினார். ஓரத்தில் வெள்ளி இழை கொடுத்தார். பிடிக்கு மேலே, கம்பில் பேர் எழுதுகிற இடம் உண்டு. வெள்ளை மசியால் எழுதி அதன்மேல் எபாக்ஸி பூசிவிட்டால் அப்புறம் பேரை யாராலும் அழிக்க முடியாது. அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைத் திறந்தார், மூடினார். எழுதாமலே முதல் பூச்சைப் பூசிவிட்டார்.

ஐப்பசி மழை, காற்றெல்லாம் ஈரம். முதல் பூச்சு மெல்லியது, நூலுக்குள் ஊறிப் பிடிப்பதற்கு. இரண்டாவதுதான் பளபளப்பு. முதலாவது இறுகினதும், ரொம்ப நேரம் விடாமல் இரண்டாவது போட வேண்டும். ஈரத்தால் முதல் பூச்சு இழுத்துக்கொண்டே போய், இரண்டாம் பூச்சு சரியாகத் தீபாவளி காலையில் வந்து நின்றது. மறுநாள் சாயங்காலம் மகளும் மருமகனும் படப்பைக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் காய்ந்தால்தான் கையில் கொடுக்க முடியும்.

விடிகிற நேரம் கூடத்தில் மணை போட்டு, சுடலைக்கண்ணுவை உட்கார வைத்து, தாயாரம்மாள் நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியில் வைத்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"போதும் அத்தே, கண்ணுக்குள்ள போவுது."

"கண்ணுக்குப் போனா குளிர்ச்சிதான். உக்காருங்க."

அவன் எழுந்ததும் தாயாரம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வாய்யா. அடுத்தது நீதான்."

"எனக்கு வாணாம். கோட்டிங் கீது."

"மாலையப் போட்டு அனுப்பிட்டாங்க. இன்னும் எந்த சூப்பர்வைசருக்குப் பயந்துக்கினு கீறே?"

மதிவதனி வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் எதிரே மல்லுக்கு நிற்கக் கூடாதென்று பாண்டுரங்கன் மணையில் உட்கார்ந்தார். தாயாரம்மாள் கிண்ணத்தில் இருந்ததை மிச்சம் வைக்காமல் அவர் தலையில் கவிழ்த்தாள். இத்தனை வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். சூடாக இறங்கிய எண்ணெயில் அவருக்குக் கண் சொக்கியது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சீயக்காய் போட்டுக் குளித்தார். கையை மட்டும் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். புது வேட்டி கட்டினதும் நேரே முன்னறைக்குப் போனார். அங்கே ஸ்டாண்டில் ராடு படுத்திருந்தது. ஒரு பக்கம் சின்ன மோட்டார். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது ராடைச் சுற்றுகிறது. அது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் பூசின எபாக்ஸி ஒரு பக்கம் தொங்காமல் நிற்கும். புட்டிகளை வெந்நீரில் வைத்துச் சூடு காட்டி, அளந்து, குமிழி வராமல் நிதானமாகக் கலக்கினார்.

பெயின்ட் ஷாப்பில் உடம்பு முழுவதும் மூடுகிற உடுப்பு உண்டு. தலைக்கு ஹூட். ஒவ்வொரு தடவை ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னாலும் ஹூட்டை இரண்டு கையாலும் அழுத்திவிட்டுக்கொள்ள வேண்டும், முடி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெயின்டில் விழுந்துவிடும் என்று. பாண்டுரங்கனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது. வீட்டிலும் பிரஷ்ஷை எடுக்குமுன் இரண்டு கையும் தானாகத் தலைக்குப் போய் அழுத்திவிட்டு வரும். அப்புறம் விரல் நுனியால் நூல் சுற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார், தூசி துரும்பு ஏதாவது இருக்கிறதா என்று. அன்றைக்கும் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. பூச ஆரம்பித்தார்.

கடைசி வளையம்வரை பூசிவிட்டு, குமிழிகளை உடைக்க ஸ்பிரிட் விளக்கை அடியில் காட்டிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். நீல நூலின்மேல் எபாக்ஸி விலகுகிறது. ஊசி முனை அளவாகத் தொடங்கி, மிளகு அளவாகி, வட்டமாக ஒதுங்கிக் குழி விழுகிறது. பக்கத்துச் சுற்றிலும் குழி. அதற்கடுத்ததிலும்.

வேலையில் இருந்தவரை அவர் கையில் ஒரு கிரேட்டர் விழுந்ததென்று யாரும் சொன்னதில்லை. எண்ணெயேதான். குளிக்கப் போகுமுன் அந்தப் பையன், காதோரம் எண்ணெய் வழிய, இந்த ஸ்டாண்டுக்கு முன்னால் குனிந்து நின்றது அவர் கண்ணில் வந்தது.

"எண்ணெக் கையோட யாரு இதத் தொட்டது?"

சத்தமாகத்தான் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சுடலைக்கண்ணு இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"நா தொடல மாமா. பாத்தேம்லா, அவ்வளவுதான். கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் பாத்தேன்."

"தொடாம எப்பிடி விழும் இது?"

"தெரியலியே மாமா." அவன் குரல் தணிந்துதான் இருந்தது. "வேலைக்காரன் சாமான்மேல கை வைக்கப்பிடாதுன்னு எங்க அப்பா சொல்லித்தான் வளத்தாவ."

மதிவதனி வாசற்படியில் நின்றாள். "ப்பா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, இன்னொரு வார்த்தை வந்தால் பெட்டியைக் கட்டிவிடுவாள். அக்கா போனாள், அக்கா மகன் போனான், இப்போது மகளும் வாசற்படியில் நிற்கிறாள். சமையல்கட்டில் தாயாரம்மாளின் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

எபாக்ஸி யாருக்காகவும் காத்திருக்காது. கிண்ணத்தில் மிச்சம் இருந்தது அதற்குள் கெட்டிப்பட ஆரம்பித்தது. துடைத்தெடுப்பதானால் இப்போதே துடைக்க வேண்டும், இறுகிவிட்டால் நூலையே அறுக்க வேண்டியதுதான். பாண்டுரங்கன் ஸ்பிரிட் புட்டியையும் துணியையும் எடுத்து வைத்தார். வேலை தொடங்கப் போகிறோம் என்றதும் இரண்டு கையும் தலைக்குப் போய் அழுத்தின.

உள்ளங்கையில் வழுவழுவென்று பட்டது.

கையை இறக்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பத்து விரலும் மினுங்கின. சீயக்காய்க்கெல்லாம் அடங்குகிற எண்ணெயா தாயாரம்மாள் வைத்தது? அவர் தலையில் கை வைத்ததை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் அந்தப் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு துணியால் கையைத் துடைத்துவிட்டால், அவன் தொட்டதாகவே காலத்துக்கும் இருந்துவிடும். மேலே இருக்கிற பாரத்தோடு இதையும் அவன் சுமந்துகொள்வான். சொல்லிக் காட்டுகிற ஆளாகவும் தெரியவில்லை.

"நான்தான்" என்றார்.

"இன்னாது?" என்று உள்ளேயிருந்து தாயாரம்மாள் கேட்டாள்.

"நான்தான் தொட்டேன். தலைய அழுத்திட்டுத் தொட்டுட்டேன். இவர் மேல தப்பு இல்ல." இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் முக்கி சோப்பைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார். "மாப்ளே, அந்த மோட்டார நிறுத்திட்டு பிடியக் கையில புடிங்க. நூல்மேல படாம. நான் சொல்றப்ப மெதுவாத் திருப்பணும். சீக்கிரம், இறுகுது."

கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒவ்வொரு சுற்றாகத் துடைத்தெடுத்தார். சுடலைக்கண்ணு திருப்பினான். போர்க்லிப்ட் ஓட்டுகிற கை, ஆளுயரப் பெட்டியை முட்டாமல் மோதாமல் ரேக்கில் வைக்கிற கை. திருப்பென்றால் திருப்பும், நிறுத்தென்றால் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

"வேகமா வேணுமா மாமா?"

"இதே போதும். இந்த மோட்டார விட நீங்க தேவல."

"மோட்டாருக்கு இட்லி வேணாம் மாமா. எனக்குப் பாதிலயே நிக்கி."

மதிவதனி அந்த இட்லியைப் பிட்டு அவன் வாயில் வைத்தாள். "சட்னி சிந்திடப் போறே" என்று பாண்டுரங்கன் அதட்டினார். அந்த அதட்டல் பழைய பாண்டுரங்கனுடையது, ஏரிக்கரையில் இளம்பரிதியை அதட்டுகிற அதட்டல்.

எல்லாச் சுற்றும் சுத்தமானதும் புதிதாகக் கலக்க வேண்டியிருந்தது. கலக்குமுன் அலமாரியிலிருந்து அந்த வெள்ளை மசிப் பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார். கம்பெனியில் பொடிப்பொடி எழுத்தாக லேபிள் எழுதிப் பழகின கை அவளுக்கு.

"பிடிக்கு மேல எடம் காலியாத்தான் வுட்டு வெச்சிருக்கேன். எழுது."

"இன்னா எழுதறதுப்பா?"

"பேருதான். வேற இன்னா எழுதுவாங்க."

"சுடலைன்னா, சுடலைக்கண்ணுன்னா?"

"முழுசா எழுது. வெட்டிச் சுருக்காதே" என்றார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். மசி காய்ந்ததும் இந்தத் தடவை தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பூசினார். தலைப்பாகையைப் பார்த்துத் தாயாரம்மாள், "புது மாப்பிள்ளை யாருன்னே தெர்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடியாகப் பிடித்தது பூச்சு. ஒரே ஒரு இடத்தில், பேரின் கடைசி எழுத்துக்குப் பக்கத்தில், கடுகளவு குழி ஒன்று பிடிவாதமாகத் திறந்துகொண்டது. அங்கே எண்ணெய் ஆழமாகப் போயிருக்கும். பாண்டுரங்கன் மறுபடி ஸ்பிரிட்டை எடுத்தார்.

"விடுங்க மாமா" என்றான் சுடலைக்கண்ணு. "தொடச்சா பேரும்லா போவும்."

வேலையில் இருந்த காலத்தில் அந்த மாதிரி ஒன்றை அவர் வெளியே அனுப்பியதில்லை. குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் புட்டியை மூடினார்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் அது முழுக்க இறுகவில்லை, மழை ஈரம் அப்படி. ஈரத்தோடு மூட்டை கட்டித் தரமாட்டேன் என்று பாண்டுரங்கன் சொல்லிவிட்டார். அதனால் ராடை வாங்கிப் போகிற சாக்கில் சுடலைக்கண்ணு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திரும்பி வர வேண்டியதாயிற்று. வந்தவனை மாமனார் நேரே ஏரிக்குக் கூட்டிப்போனார்.

அன்றைக்கு இளம்பரிதியும் கரையில் இருந்தான், கொஞ்சம் தள்ளி. கிட்டே வரவில்லை. ஆனால் ராடு கட்டுகிறதைப் பக்கத்திலிருந்து பார்த்தவனாயிற்றே, புது ராடு வீசப்படும் சத்தத்துக்குத் தலை திரும்பத்தான் செய்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்து, மாமனைப் பார்க்காமல் ராடை மட்டும் பார்த்தான். பரணில் கிடந்த கம்பை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. விரல் நுனி அந்தக் குழியில் போய் நின்றது.

"இதின்னா, பூச்சுல ஓட்ட?" என்று சுடலைக்கண்ணுவிடம் கேட்டான்.

"அதுவா? மாமா தலை எண்ணெ."

இளம்பரிதி அந்தக் குழியைப் பார்த்தான், மாமன் தலையைப் பார்த்தான். "அவரு எப்போ எண்ணெ வெச்சாரு?" என்று கேட்டுக்கொண்டே, பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தான்.